ஒன்றரை இலட்சத்துக்குள் கேமிங் கொம்பியூட்டரா, பிஎஸ்5-ஆ? (திருகோணமலை)

உப்புவெளியான்:

எல்லாருக்கும் வணக்கம். நான் உப்புவெளியில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். இந்த சீசனில் மிச்சம் பிடித்த காசு ஒன்றரை இலட்சம் ரூபா கையில் இருக்கிறது. மாரி தொடங்கிவிட்டால் வெளிநாட்டுக்காரர் வரத்துக் குறையும், எங்களுக்கும் வேலை குறையும். அந்த மாதங்களில் விளையாட ஒன்று எடுக்க வேண்டும் என்பது கன நாள் ஆசை. கடன் எடுக்கிற எண்ணம் இல்லை.

வீட்டு நிலைமையைச் சொல்கிறேன். 32 அங்குலப் பழைய டிவி ஒன்று இருக்கிறது, 720பி தான், படத் தெளிவு குறைவு. இணையம் 4ஜி ரவுட்டர். மாதத்துக்கு இவ்வளவு ஜீபி என்று அளவு உண்டு, இரவு 7 மணிக்குப் பிறகு வேகமும் படுத்துவிடும். தம்பி அடுத்த வருடம் உயர்தரப் பரீட்சை எழுதுகிறான், ஒரு பாடம் ஐசிடி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்). வீட்டில் கொம்பியூட்டர் கிடையாது. எனக்கு விருப்பமானவை ஃபுட்போல், கிரிக்கெட், ஜிடிஏ. வெள்ளிக்கிழமை இரவுகளில் கூட்டாளிமார் வருவார்கள், எல்லாரும் சேர்ந்து விளையாட வேண்டும்.

டவுனில் ஒரு கடையில் பச்சை நீல லைட் எரிகிற கேசிங்கைக் காட்டி “கேமிங் பிசி” என்றார்கள். உள்ளே படத்தை ஓட்டுகிற கிராபிக்ஸ் கார்ட் எது என்று கேட்டால் “4 ஜீபி கார்ட்” என்பதோடு பேச்சை முடித்துவிட்டார்கள். இன்னொரு இடத்தில் பாவித்த பிஎஸ்5 ஒன்று, அதாவது சோனியின் பிளேஸ்டேஷன் 5 கேம் கன்சோல், என் காசுக்குள் வரும் என்கிறார்கள். எது சரி? பாவித்தவர்கள் சொல்லுங்கள்.

நிலாவெளிப் பெடியன்:

மச்சான், பிஎஸ்5 எடு. கூட்டாளிமாரோடு டிவிக்கு முன்னால் இருந்து விளையாடத்தான் ஆசை என்றால் கன்சோல்தான் அதற்கென்று செய்த சாமான். சுவிட்சைப் போட்டால் வேலை முடிந்தது. டிரைவர், அப்டேட், செட்டிங்ஸ் என்று மினக்கெடத் தேவையில்லை. ஜிடிஏ 6-உம் பிஎஸ்5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். உன் காசுக்கு வரும் எந்தக் கொம்பியூட்டரும் பிஎஸ்5 காட்டுகிற படத்தைக் காட்டாது. ஆனால் டிஸ்க் போடுகிற மொடலாகப் பார்த்து எடு. டிஸ்க் என்றால் விளையாடி முடித்துவிட்டு ஆளுக்காள் மாற்றிக்கொள்ளலாம், விற்கவும் செய்யலாம். பழைய பிஎஸ்4 டிஸ்க்குகளும் அதில் ஓடும். டிஸ்க் டிரைவ் இல்லாத டிஜிட்டல் மொடல் எடுத்தால் அந்த வழியெல்லாம் அடைபட்டுவிடும்.

உவர்மலை ரிப்பேர்காரன்:

தம்பி, நான் உவர்மலையில் கொம்பியூட்டர் திருத்துகிறவன். கன்சோலும் என் மேசைக்கு வரும். நிலாவெளித் தம்பி டிஸ்க் பற்றிச் சொன்னது முழுக்க உண்மை. படத்தைப் பற்றிச் சொன்னதும் உண்மை. ஆனால் உங்கள் வீட்டுக்கு பிஎஸ்5 பொருந்தாது என்பது என் அபிப்பிராயம். முதலாவது டேட்டா.

இந்தக் காலத்துப் பெரிய கேம் எதுவும் சின்னதாக வருவதில்லை. எஃப்சி 24 ஃபுட்போல் கேமுக்கு 100 ஜீபி இடம் கேட்டார்கள். ஜிடிஏ 5-இன் புதிய கொம்பியூட்டர் பதிப்பும் 100 ஜீபியைத் தாண்டும். டிஸ்க்கில் வாங்கினாலும் அப்டேட் என்று பல ஜீபி பின்னால் வரும். 4ஜி ரவுட்டரில் அதை இறக்கினால் உங்கள் தம்பி சூம் வகுப்புக்குப் போகும்போது டேட்டா இருக்காது. கொம்பியூட்டரில் இதற்கு வழி இருக்கிறது. கொம்பியூட்டர் கேம் வாங்கி இறக்குகிற ஸ்டீம் செயலியில் 2023-இலிருந்து ஒரே வலையமைப்பில் இருக்கும் இன்னொரு கொம்பியூட்டரிலிருந்து கேமை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஃபைபர் இணைப்பு இருக்கிற கூட்டாளி தன் லப்டொப்பைக் கொண்டுவந்தால் காணும், உங்கள் ரவுட்டர் வழியாகவே ஏறிவிடும், டேட்டாவில் ஒன்றும் குறையாது. அதுவும் முடியாவிட்டால் வெளி ஹார்ட் டிஸ்க்கில் கேம் ஃபோல்டரைப் பிரதியெடுத்து வந்து ஸ்டீமிடம் சரிபார்க்கச் சொன்னால், குறைகிற துண்டுகளை மட்டும் இறக்கும்.

அடுத்தது தொடர்ந்து போகும் காசு. பிஎஸ்5-இல் காசு கொடுத்து வாங்கிய கேமை ஒன்லைனில் மற்றவர்களோடு விளையாட சோனியின் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா கட்ட வேண்டும். ஃபோர்ட்நைட் மாதிரி இலவசக் கேம்களுக்கு மட்டும் தேவையில்லை. அதோடு சோனியின் நாடுகள் பட்டியலில் இலங்கை இல்லை. எங்கள் ஆட்கள் வேறு நாட்டுக் கணக்குத் திறந்து, அந்த நாட்டு கிஃப்ட் கார்ட் கோட் வாங்கித்தான் சந்தா கட்டுகிறார்கள். ஒரு நாட்டு டிஸ்க்குக்கு இன்னொரு நாட்டுக் கணக்கில் வாங்கிய கூடுதல் பகுதிகள் சேராமல் போவதும் உண்டு. கொம்பியூட்டரில் ஒன்லைன் சந்தா கிடையாது. எபிக் என்ற ஒன்லைன் கேம் கடை 2018 கடைசியிலிருந்து இலவசக் கேம் கொடுத்துக்கொண்டே வருகிறது, 2020 மே மாதம் ஒரு கிழமை ஜிடிஏ 5-ஐயே கொடுத்தார்கள். தம்பி, இதை இன்றைக்கே செய்யுங்கள்: போனிலேயே எபிக் கணக்குத் திறந்து கிழமைக்குக் கிழமை கொடுப்பதைச் சேர்த்து வையுங்கள். இறக்கத் தேவையில்லை, உங்கள் பெயரில் பதிந்தாலே போதும்.

மூன்றாவது உங்கள் டிவி. பிஎஸ்5-இன் பெருமையே 4கே படம். 720பி டிவியில் அதில் பெரும்பகுதி தெரியாது. யானை வாங்கியவன் அங்குசமும் வாங்க வேண்டும் என்ற கதையாக, பிறகு டிவிக்கும் காசு தேட வேண்டி வரும்.

ஆகவே நான் சொல்வது இது. கிராபிக்ஸ் கார்ட் இல்லாமல் தொடங்குங்கள். ரைசன் 5 5600ஜி போன்ற, உள்ளேயே கிராபிக்ஸ் இருக்கிற புரசசர், 16 ஜீபி ரேம், கேம் சேமிக்க 1 டிபி எஸ்எஸ்டி. ரேமைக் கட்டாயம் 8 ஜீபி இரண்டாக எடுங்கள். இந்தப் புரசசரின் கிராபிக்ஸுக்கு என்று தனி நினைவகம் இல்லை, ரேமைத்தான் பங்குபோடும். 16 ஜீபி ஒரே துண்டாகப் போட்டால் பாதி வழியில்தான் தரவு ஓடும், படம் திக்கித் திக்கி வரும். கடைக்காரர் “இரண்டும் ஒன்றுதான்” என்பார், விட்டுக்கொடுக்காதீர்கள். 720பி-யில் வைத்தால் ஃபுட்போல், கிரிக்கெட், ஜிடிஏ 5 எல்லாம் விளையாடலாம். அடுத்த சீசன் காசில் ஆர்எக்ஸ் 6600 மாதிரி ஒரு கார்ட் போட்டால் 1080பி-யில் நன்றாகவே ஓடும்.

பவர் சப்ளையில் மட்டும் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம். கேசிங்கோடு இலவசமாக வருவதைக் கழற்றிப் பக்கத்தில் இருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் 500 வொட் என்று இருக்கும். கீழே சின்னப் பெட்டியில் 12 வோல்ட்டுக்கு நேரே எத்தனை அம்பியர் என்று போட்டிருக்கும். 20 அம்பியர் என்றால் 12-ஐ 20-ஆல் பெருக்குங்கள், 240 வொட். புரசசரும் கார்ட்டும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகின்றன. ஆர்எக்ஸ் 6600-க்கு மட்டும் 132 வொட் போகும், மற்றதெல்லாம் மிச்சத்தில் சமாளிக்க வேண்டும். ஸ்டிக்கர் சொல்கிற அளவையே தாங்காத சப்ளைகளும் உண்டு. அது எரியும்போது தனியாக எரியாது, மதர்போர்டையும் கூட்டிக்கொண்டு போகும். மழைக்காலத்தில் இப்படி எத்தனையோ என் மேசைக்கு வருகின்றன, பார்க்கவே மனம் பொறுக்காது, பாதிக்கு மேல் மாணவர்களுடையவை.

மூதூர் ஐசிடி டீச்சர்:

தம்பியின் பாடத்தைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன். உயர்தர ஐசிடியில் பைதன், எச்டிஎம்எல், எஸ்கியூஎல் என்ற கணினி மொழிகள் வரும். இவற்றுக்கு வேகமான கொம்பியூட்டர் தேவையில்லை, ஆனால் தினமும் கை வைக்க ஒன்று தேவை. லாபில் கிழமைக்குச் சில பாடவேளைகள் தட்டிப் பார்க்கிற பிள்ளைக்கும், இரவில் தானே எழுதி, பிழை வந்து, திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்க்கிற பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வகுப்பில் தெளிவாகக் காண்கிறேன். வினாத்தாளில் ஒரு நிரலைக் கொடுத்து வெளியீடு என்ன என்று கேட்டால், வீட்டில் ஓட்டிப் பழகிய பிள்ளை தடுமாறாது. அண்ணா விளையாட வாங்குகிற சாமான் தம்பிக்கும் உதவுமென்றால் அதைவிட வேறென்ன வேண்டும்?

ஒரு கவனம். விலை குறைவு என்று வெளிநாட்டு ஒபிஸ்களில் கழித்த கொம்பியூட்டர்களை நிறையப் பேர் வாங்குகிறார்கள். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். வாங்க முன் புரசசர் இலக்கத்தைப் பாருங்கள். பைதன் பழகப் பழையதும் போதும், ஆனால் கேமுக்கும் சேர்த்து வாங்குகிறவர் அதில் சிக்க வேண்டாம்.

நிலாவெளிப் பெடியன்:

தம்பி உயர்தரம் என்பதை நான் கவனத்தில் எடுக்கவில்லை, டீச்சர் சொல்வது நியாயம். ஆனாலும் அண்ணா, நாலு பேர் கூடி விளையாடுகிற சந்தோஷம் கொம்பியூட்டரில் வருமா? மொனிட்டருக்கு முன்னால் ஒரே கதிரையில் நாலு பேர் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமைதான் அவனுக்கு முக்கியம் என்று எனக்குப் படுகிறது. அப்படியென்றால் பாவித்த பிஎஸ்4 ஸ்லிம் ஒன்றும், தம்பிக்குப் பாவித்த லப்டொப் ஒன்றும் எடுத்தால் என்ன? 720பி டிவிக்கு பிஎஸ்4 தாராளம்.

உவர்மலை ரிப்பேர்காரன்:

நல்ல யோசனை, தட்டிக்கழிக்க மாட்டேன். கரண்ட் செலவும் குறைவு. பிஎஸ்5 பெரிய கேம் ஓடும்போது சுமார் 200 வொட் இழுக்கும். நாளுக்கு மூன்று மணித்தியாலம் என்றால் மாதம் 18 யுனிட். வீட்டுப் பில் 60 யுனிட்டைத் தாண்டினால் கணக்குப் போடுகிற முறையே மாறும், ஆகவே கூடுகிற யுனிட் கையைக் கடிக்கும். பிஎஸ்4 ஸ்லிம்முக்கு அதில் பாதிகூடப் போகாது, கார்ட் போடாத 5600ஜி-யும் ஏறத்தாழ அப்படித்தான்.

ஆனால் பிஎஸ்4 வந்தது 2013-இல், ஸ்லிம் 2016-இல். இனி வருகிற கேம்கள் அதை விட்டுவிட்டுத்தான் போகின்றன. அதில் போடுகிற காசு அங்கேயே நின்றுவிடும். கொம்பியூட்டரில் போடுவது அடுத்த வருடமும் வளரும். நாலு பேர் பிரச்சினைக்கு மொனிட்டரே தேவையில்லை, எச்டிஎம்ஐ வயரை டிவிக்குக் கொடுங்கள். படத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் டிவி மெனுவில் படத்தின் அளவை “ஜஸ்ட் ஸ்கேன்” அல்லது அதற்குச் சமமானதில் வையுங்கள். கேம்பேட்கள் யுஎஸ்பி-யில் ஏறும், கூட்டாளிமார் ஆளுக்கொன்று கொண்டுவரலாம். படிக்கிறதுக்கு மட்டும் பாவித்த 22 அங்குல மொனிட்டர் ஒன்று பாருங்கள், 720பி டிவியில் எழுத்து மங்கும், பிள்ளைக்குக் கண் நோகும்.

உப்புவெளியான்:

எல்லாருக்கும் பெரிய நன்றி. கொம்பியூட்டர் என்றே முடிவெடுத்துவிட்டேன். தம்பியிடம் சொன்னேன், அவன் முகத்தைப் பார்த்த பிறகு வேறு யோசனை வரவில்லை. இரண்டு கேள்வி. சாமானை கொழும்பு பம்பலப்பிட்டியில் கொம்பியூட்டர் கடைகள் இருக்கிற யுனிட்டி பிளாசாவில் எடுப்பதா, இங்கேயே எடுப்பதா? எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட, அது பாதிக்குமா?

உவர்மலை ரிப்பேர்காரன்:

பாதிக்கும். கடலோர வீட்டிலிருந்து வருகிற கேசிங்கைத் திறந்தால் எனக்கு உடனே தெரியும். கார்டை இறுக்குகிற ஆணித் தலை பழுப்பாகி இருக்கும், எச்டிஎம்ஐ வாய்க்குள் டோர்ச் அடித்தால் பச்சை நிறத்தில் பொடி பூத்திருக்கும். கடல் பக்கத்து ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள், நிலத்திலும் வைக்காதீர்கள். மாரியில் நாலைந்து நாள் பாவிக்காவிட்டாலும் ஒரு மணித்தியாலமாவது போட்டுவிடுங்கள், உள்ளே இருக்கிற ஈரம் சூட்டில் போகும். கச்சான் காற்றுக் காலத்தில் தூசி அடைக்கும், அப்போது ஃபேனைச் சுத்தம் செய்ய வேண்டும். நாளைக்குப் பாவித்த கார்ட் எடுக்கும்போதும் இதே டோர்ச்சோடு போங்கள். அரை மணித்தியாலம் கேம் ஓடவிட்டுச் சூட்டைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

வீட்டு பிளக்கில் எர்த் இருக்கிறதா என்று வயரிங் தெரிந்த ஒருவரைக் கொண்டு பார்ப்பியுங்கள். கன்சோல்கள் இரண்டு கம்பி வயரில் ஓடும், கொம்பியூட்டர் பவர் சப்ளைக்கு எர்த் கட்டாயம். இல்லாவிட்டால் கேசிங்கைத் தொட்டால் கை சுள்ளென்னும். ஐப்பசி இடிமழையில் பிளக்கையும் கழற்றுங்கள்.

கொழும்பில் விலை குறையும், தெரிவும் அதிகம். ஆனால் பழுதென்றால் அந்த வாரண்டிக்கு மறுபடி பஸ் ஏற வேண்டும். புரசசர், ரேம், எஸ்எஸ்டி லேசில் பழுதாகாது, சின்னச் சாமான், அங்கே எடுங்கள். மதர்போர்டும் பவர் சப்ளையும் இங்கே டவுனில் எடுங்கள், விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. பில்லில் மொடல் பெயரும் சீரியல் இலக்கமும் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர யோசிக்கிற கடையில் வாங்காதீர்கள்.