நகர மையத்தில் பொது இடப் பாதுகாப்பு ஆணை: கவுன்சிலுக்கு என்ன எழுதுவது?

தெருமுனைக்கடை:

அனைவருக்கும் வணக்கம். லண்டனின் வடமேற்குப் புறநகர் ஒன்றின் கடைத்தெருவில் மளிகைக் கடை நடத்துகிறேன். எங்கள் நகர மையம் முழுவதற்கும் பொது இடப் பாதுகாப்பு ஆணை ஒன்றைக் கொண்டுவரப்போவதாகக் கூறி, கவுன்சில் அதன் வரைவை வெளியிட்டு மக்களின் கருத்தைக் கேட்டிருக்கிறது. தெருவில் மது அருந்துவது, பிச்சை எடுப்பது, கூட்டமாக நின்று வருவோர் போவோருக்குத் தொல்லை தருவது, நடைபாதையில் மின்சைக்கிளில் பாய்ந்து செல்வது ஆகியவற்றை அது தடை செய்கிறது. மீறுவோருக்கு 100 பவுண்டு அபராதம்.

தொல்லை உண்மையானது. காலையில் ஷட்டரைத் தூக்கினால் ஜன்னல் விளிம்பில் காலி பியர் டின்கள் வரிசையாக நிற்கின்றன. வாசல் மூலையைப் பிளீச் ஊற்றிக் கழுவிய பிறகுதான் காய்கறிப் பெட்டிகளை வெளியே வைக்க முடிகிறது. இருட்டிய பிறகு பஸ் நிறுத்தத்தில் நிற்கப் பயந்து, வயதான வாடிக்கையாளர்கள் பிற்பகலிலேயே வந்து போய்விடுகிறார்கள். ஆகவே ஆணையை ஆதரித்து எழுதவே விரும்புகிறேன். ஆனால் பணம் எடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போர்வையோடு உட்கார்ந்திருப்பவர் இதுவரை யாரையும் ஒரு சொல் சொன்னதில்லை. அவரிடமும் 100 பவுண்டு கேட்பார்களா? இந்த ஆணையால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

சட்டம்படித்தவள்:

வணக்கம் அண்ணா. இந்த அதிகாரம் 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தை, குற்றம் மற்றும் காவல்துறைச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு செயல் அப்பகுதி மக்களின் வாழ்க்கைத் தரத்தைக் கெடுக்கிறது அல்லது கெடுக்கக்கூடும் என்பதோடு, அது தொடர்ந்து நிகழ்கிறது, நியாயமற்றது, தடை விதிக்கும் அளவுக்குக் கடுமையானது என்பதையும் கவுன்சில் காட்டியாக வேண்டும். ஓர் ஆணையின் ஆயுள் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள்; அதற்குள் நீட்டிக்காவிட்டால் தானாகக் காலாவதியாகிவிடும். காவல்துறையையும் பொருத்தமான சமூகப் பிரதிநிதிகளையும் கலந்தாலோசிப்பது கட்டாயம் என்பதால், உங்கள் தெரு வணிகர் சங்கம் சங்கமாகவே எழுதுவது நல்லது.

மதுவைப் பற்றிய விதியைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆணை உள்ள இடத்தில் குடித்ததற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்க முடியாது; காவலரோ கவுன்சில் அதிகாரம் அளித்த அலுவலரோ நிறுத்தச் சொல்லியும், டின்னைக் கையளிக்கச் சொல்லியும், தக்க காரணமின்றி மறுத்தால்தான் குற்றம். அதாவது, கேட்பதற்கு ஒருவர் அங்கே நின்றிருக்க வேண்டும். அப்படி யாரும் நிற்காத இரவு ஒன்பது மணிக்கு உங்கள் ஜன்னல் விளிம்பில் எதுவும் மாறாது. ஆகவே எத்தனை அலுவலர்கள், எந்த நாள்களில், எத்தனை மணி வரை சுற்றி வருவார்கள் என்பதை வரைவோடு சேர்த்து எழுத்தில் தரும்படி கேளுங்கள்.

மின்சைக்கிளுக்குப் புதிய ஆணை தேவையா என்பதே எனக்கு ஐயம். நடைபாதையில் வண்டி ஓட்டுவதை 1835ஆம் ஆண்டின் நெடுஞ்சாலைச் சட்டமே குற்றமாக்கியிருக்கிறது. அங்கும் குறை ஆளில்லாததுதான்.

இரவுச்சோறு:

வாரந்தோறும் தெருவில் உறங்குபவர்களுக்கு உணவு கொடுக்கும் குழுவில் இருக்கிறேன். அண்ணா கேட்ட அந்தப் போர்வைக்காரரைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். வரைவில் ‘பிச்சை எடுப்பது’ என்று பொதுவாக இருந்தால், ஆம், அவரிடமும் கேட்பார்கள். அவரால் கட்ட முடியாது. கட்டாவிட்டால் வழக்கு நீதிமன்றத்துக்குப் போய், மது அல்லாத மீறல்களுக்கு 1,000 பவுண்டு வரை தண்டம் விதிக்கப்படலாம். அபராதச் சீட்டுக்கு அஞ்சி அவர் ரயில் நிலையத்துக்குப் பின்னால் உள்ள சந்துக்கு நகர்ந்தால், எங்கள் குழுவும் வீட்டு வசதி அலுவலரும் அவரைக் கண்டுபிடிப்பதுகூடக் கடினமாகிவிடும். எனக்கு இதில் கோபம் உண்டு, மறைக்கவில்லை.

வீடில்லை என்பதற்காகவோ தெருவில் உறங்குவதற்காகவோ மட்டும் ஒருவரை இந்த ஆணையால் குறிவைக்கக் கூடாது என்று உள்துறை அமைச்சு தன் வழிகாட்டலைத் திருத்தியது 2017 டிசம்பரில். அதைச் சுட்டிக்காட்டி, தடை என்பது வழிமறித்துக் கேட்பது, பின்தொடர்வது, மிரட்டுவது, பணம் எடுப்பவரை நெருங்கி நின்று வற்புறுத்துவது என நடத்தையைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும் என்று எழுதுங்கள்.

இப்ஸ்விச்வாசி:

நான் சொல்லப்போவது நம்மவர் பலருக்குக் கசக்கும். இங்கே இப்ஸ்விச்சில் 2012ஆம் ஆண்டு, தெருக்குடியைக் குறைக்கக் காவல்துறையும் கவுன்சிலும் சுகாதாரத் துறையும் சேர்ந்து கடைக்காரர்களிடமே வந்தன. 6.5 சதவீதத்துக்கு மேல் சாராயச் செறிவுள்ள மலிவு பியரையும் சைடரையும் தாமாக முன்வந்து விற்பதை நிறுத்தும்படி கேட்டன. கூட்டுறவுக் கடைகளும் பல சிறு கடைகளும் ஒப்புக்கொண்டன. உங்கள் ஜன்னலில் நிற்கும் டின்களைத் திருப்பிப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை அந்த வகையாக இருந்தால், அவற்றை விற்பது உங்கள் தெருவிலுள்ள ஒன்றிரண்டு கடைகளாகத்தான் இருக்கும். அதில் உங்கள் கடையும் இருக்கலாம். ஏற்கெனவே நிலை தடுமாறுபவருக்கு விற்பது 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டப்படி குற்றம். அப்படி விற்கும் கடையின் உரிமத்தை மறுபரிசீலனை செய்யும்படி யாரும் விண்ணப்பிக்கலாம். ஆணைக்குக் காத்திராமல் இன்றே செய்யக்கூடியது இது.

அதோடு, ஒவ்வொரு சம்பவத்தையும் நடந்த ஒரு மாதத்துக்குள் முறையிட்டுக் குறிப்பு எண்ணை வாங்கி வையுங்கள். ஆறு மாதத்தில் மூன்று முறையீடுகள் சேர்ந்தும் எவரும் கவனிக்கவில்லையென்றால், பெரும்பாலான இடங்களில் சமூக விரோத நடத்தை வழக்கு மறுஆய்வைக் கோரலாம். அப்போது கவுன்சிலும் காவல்துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து பதில் சொல்லியாக வேண்டும்.

தெருமுனைக்கடை:

மூவருக்கும் நன்றி. மது விதியையும் கூட்டமாகத் தொல்லை தருவது பற்றிய விதியையும் ஆதரித்து எழுதுகிறேன். பிச்சை பற்றிய விதியை இரவுச்சோறு சொன்னபடி நடத்தையைப் பெயரிட்டுத் திருத்தாவிட்டால் எதிர்க்கிறேன் என்றும், இரவுச் சுற்றுக்காவல் நேரத்தை எழுத்தில் தர வேண்டும் என்றும் சேர்க்கிறேன். டின் விஷயத்தில், 9 சதவீத பியர் என் குளிர்பெட்டியிலும் இருக்கிறது. நான் மட்டும் நிறுத்தினால் எதிர்க்கடையில் வாங்குவார்கள் என்பதால், ஞாயிற்றுக்கிழமை கடை மூடிய பிறகு தெருவிலுள்ள மற்ற மூன்று கடைக்காரர்களையும் கூப்பிட்டுப் பேசப்போகிறேன். இப்ஸ்விச்சில் முதலில் யார் ஒப்புக்கொண்டார்கள், மற்றவர்களை எப்படிச் சம்மதிக்க வைத்தார்கள் என்று தெரிந்தால் எழுதுங்கள்.