ஃபேன் இரைச்சலை எடுத்தால் மூச்சுச் சத்தமும் போகிறது, உதவுங்கள்

ஒலி எடிட்டிங் தெரிந்தவர்கள் கொஞ்சம் பாருங்களேன். கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரிக்கப்பட்டதைப் பற்றிய ஒலி ஆவணத்துக்காக ஒரு பாட்டியிடம் எடுத்த பேட்டி இது. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், காலர் மைக். தலைக்கு மேலே ஃபேன் ஓடியிருக்கிறது.

50, 100, 150 ஹெர்ட்ஸில் நாட்ச் ஃபில்டர் (அந்த அதிர்வெண்ணை மட்டும் வெட்டுவது) போட்டதும் கரண்ட் உறுமல் அடங்கிவிட்டது. காற்றுச் சத்தம்தான் போகவில்லை. ஆடாசிட்டி எடிட்டிங் மென்பொருளில் நாய்ஸ் ரிடக்‌ஷன் 6 டெசிபல் வரை பரவாயில்லை. 12 வைத்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருகிறது. நாய்ஸ் கேட் (சத்தம் ஓர் அளவுக்குக் கீழே போனால் அடைத்துவிடுவது) இன்னும் மோசம். கூலி நெல் கூடுதலாகக் கேட்டதைச் சொல்லிவிட்டுப் பாட்டி மூச்சிழுக்கும் இடத்தையே வெட்டிவிடுகிறது.

யாரும் பேசாத வெறும் அறைச் சத்தம் 4 நொடிதான் இருக்கிறது (30 நொடியாவது எடுத்திருக்க வேண்டும்). அதை வைத்து 4 டெசிபலாக இரண்டு சுற்றில் குறைக்கலாமா? மறுபேட்டி வேண்டாம், அந்த இரவை இன்னொரு தடவை சொல்லச் சொல்ல மனசில்லை.