கன்டினியூயிங் மாண்டமஸ்: ‘விடாக்கட்டளை’ எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பாலாற்று மாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று தந்த தீர்ப்பைச் சுருக்கி, ஊர்க்காரர்கள் படிக்கிற மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன். தீர்ப்புக்குப் பிறகும் வழக்கை மூடாமல் நீதிமன்றம் தொடர்ந்து கவனிக்கும் கன்டினியூயிங் மாண்டமஸ் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மாண்டமஸுக்கு, அதாவது கடமையைச் செய் என்று அதிகாரிக்கு நீதிமன்றம் இடும் ஆணைக்கு, பள்ளிப் பாடநூலிலேயே ‘கட்டளையுறுத்தும் நீதிப்பேராணை’ இருக்கிறது. அதற்கு முன்னால் என்ன சேர்ப்பது? ‘விடாக்கட்டளை’ எனலாம் என்பது என் யோசனை. அதுபற்றி நீங்கள் கேட்டவற்றை மேலே வைத்துப் பதில் சொல்கிறேன்.

> ‘தொடர் கட்டளை’ போதாதா?

எளிமைதான் ஐயா. ஆனால் தொடர்கதை போல ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகள் வருவதாகப் படுகிறது. இங்கே நடப்பது வேறு. வழக்கமாகத் தீர்ப்புச் சொன்னதும், வேலூர் சத்துவாச்சாரி கோர்ட் குமாஸ்தாக்கள் சொல்கிற அந்தக் ‘கேஸ் கட்டு’ மூடப்படும். அதிகாரி செய்யவில்லை என்றால் நாம்தான் அவமதிப்பு மனுவோடு மறுபடி படியேற வேண்டும். இதில் கட்டு மூடப்படுவதில்லை. எவ்வளவு செய்தீர்கள், அறிக்கை எங்கே என்று நீதிமன்றமே வாய்தா போட்டுக் கேட்கும். அரசியல்வாதிகளுக்குக் கள்ளப்பணம் போனதாகச் சொல்லப்பட்ட ஹவாலா விவகாரத்தில், 1997-இல் தீர்ப்பான வினீத் நாராயண் வழக்கிலும் புலனாய்வை இப்படித்தான் பிடித்து நடத்தினார்கள்.

எங்கள் பழைய வடஆற்காட்டுக்கு இது சின்ன வேறுபாடு இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி 1996-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லி, ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அப்புறமும் வாணியம்பாடியில் என் அத்தை வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை. குடத்தின் உள்பக்கம் வெள்ளையாய்ப் படிந்த உப்பை அவர் நகத்தால் சுரண்டிக் காட்டுவார். 28 ஆண்டு கழித்து அதே ஆற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடி பேச வேண்டியிருந்தது. இந்த முறை, ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கச் சொல்லி, வழக்கையும் தன் கையிலேயே வைத்துக்கொண்டது. அந்தப் பிடி சொல்லில் தெரிய வேண்டும் என்பதால்தான் ‘விடாக்கட்டளை’.

> ‘விடாப்பிடி’ நினைவுக்கு வருகிறது. நீதிபதி பிடிவாதக்காரர் என்பது போல் ஆகாதா?

விடாமழை, விடாமுயற்சி என்றும் சொல்கிறோமே, அவற்றில் குறை தொனிக்கவில்லை. விடா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், அதனால் க் மிகும், இலக்கணமும் இடிக்கவில்லை.

> ‘கண்காணிப்பு ஆணை’?

கண்காணிப்பு என்றால் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும்தான். செய்தே ஆக வேண்டும் என்ற அழுத்தம் போய்விடுகிறது.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “விடாக்கட்டளையின்படி அரசு தன் அறிக்கையை நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும்.” சட்ட வரைவுக்கு முழு வடிவம் வேண்டுமென்றால் ‘விடாக்கட்டளை நீதிப்பேராணை’ எனலாம்.

இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். திங்கள் காலை அச்சுக்குக் கொடுக்கிறேன்.