மறுமொழி: 'அலகுப் பின்னம்' இருக்கட்டும், வகுத்தலுக்குத்தான் இரண்டு சொல் வேண்டும்

குழுவினருக்கு வணக்கம்.

பள்ளிக் கணக்குக்கான தமிழ்ச் சொற்களைப் பற்றிய நம் இழைக்கு இது மறுமொழி. 1/2, 1/3, 1/8 மாதிரி தொகுதியில் 1 மட்டும் வரும் பின்னத்துக்கு 'அலகுப் பின்னம்' வேண்டாம், 'ஒருமைப் பின்னம்' என்று வைக்கலாம் என்பது ஆந்திரத்து நகரி நண்பரின் யோசனை. 'அலகு' என்றால் மீட்டர், லிட்டர் என்று பிள்ளைகள் நினைத்துவிடுவார்கள் என்கிறார். நினைக்கட்டுமே, அதனால் நல்லதுதான். 1/3 ஐ, கையில் எடுத்து அளக்கிற ஒன்றாகப் பார்க்காத பிள்ளைக்கு 4 ÷ 1/3 என்ன கேட்கிறது என்றே பிடிபடாது. 'ஒருமை' என்பது எழுதியிருக்கும் தோற்றத்தை மட்டும்தான் சொல்கிறது, மேலே 1 இருக்கிறது, அவ்வளவுதான். 'அலகு' அந்தப் பின்னம் பார்க்கும் வேலையையே சொல்லிவிடுகிறது: 2/3 என்றால் இரண்டு 1/3, 5/3 என்றால் ஐந்து 1/3. அதனால் என் ஓட்டு 'அலகுப் பின்னம்' பக்கம்.

எங்கள் பக்கத்தில், அதாவது பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவில், நெல் அளந்த பழைய கணக்கு பெரியவர்களுக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. நாலு நாழி ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. அப்போது நாழி என்பது 1/40 பறை, சுத்தமான அலகுப் பின்னம். இரண்டு பறை நெல்லை நாழியால் அளந்தால் 80 நாழி. 2 ÷ 1/40 = 80 என்பதும் இதேதான், ஆனால் வகுத்தால் விடை பெரிதாகிறதே என்று களத்தில் யாரும் திகைத்ததில்லை, சின்ன அளவையால் அளந்தால் அதிக தடவை அளக்கவேண்டும் என்று கைக்கே தெரியும். வகுப்பறையில் அதே கணக்கைப் போட்டால் பிள்ளைகள் திகைக்கிறார்கள். ஏன் என்பதுதான் இந்த இழையில் பேசவேண்டிய விஷயம் என்று எனக்குப் படுகிறது.

வகுத்தலை நாம் பங்கிடுவதாகவே அறிமுகப்படுத்துகிறோம். 12 மிட்டாய், 4 பேர், ஆளுக்கு 3. சரி. 4 ÷ 1/3 வரும்போது '4 மிட்டாயை மூன்றில் ஒரு ஆளுக்குப் பங்கிடு' என்றால் பிள்ளை என்ன செய்யும்? அந்த இடத்தில் ஆசிரியருக்கும் வழி தெரியாமல் 'தலைகீழாக்கிப் பெருக்கு' என்று விதியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். விதி சரிதான், ஆனால் அர்த்தம் அங்கேயே அறுந்துவிடுகிறது. இங்கே கேட்க வேண்டியது வேறு கேள்வி: 4-க்குள் எத்தனை 1/3 இருக்கிறது? ஒன்றுக்குள் மூன்று, நாலுக்குள் பன்னிரண்டு.

இனி எண்களை இடம் மாற்றுங்கள், 1/3 ÷ 4. இப்போது '1/3-க்குள் எத்தனை 4' என்று கேட்டால் உதவாது, பங்கிடுவதற்குத் திரும்பவேண்டும். ஒரு நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருக்கிறது, அதை நாலு பிள்ளைகள் பிரித்துக்கொள்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முழு நிலத்தில் எவ்வளவு? மீதி இரண்டு பங்கையும் அதேபோல நாலு நாலாகக் கோடு போட்டுப் பார்த்தால் மொத்தம் 12 துண்டு, ஆளுக்கு 1/12. கவனியுங்கள், இரண்டு கணக்கிலும் 12 வருகிறது, ஒன்றில் முழு எண்ணாக, இன்னொன்றில் பின்னத்தின் கீழே இருக்கும் பகுதியாக. பிள்ளைகள் 12 எழுதவேண்டிய இடத்தில் 1/12-ம், 1/12 எழுதவேண்டிய இடத்தில் 12-ம் எழுதுவது கவனக்குறைவு இல்லை. இரண்டு வெவ்வேறு செயல்களுக்கு நாம் ஒரே பெயரைக் கொடுத்திருக்கிறோம், அதுதான் காரணம். பெருக்கிச் சரிபார்க்கச் சொல்லுங்கள், 12 × 1/3 = 4, 1/12 × 4 = 1/3, எது எங்கே என்று உடனே தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் 2010-ல் வந்த பொதுப் பாடத் தரத்தில் (Common Core) ஐந்தாம் வகுப்புக்கு இந்த இரண்டு வகையை மட்டும்தான் வைத்திருக்கிறார்கள், பின்னத்தைப் பின்னத்தால் வகுப்பது ஆறாம் வகுப்பில்தான். அர்த்தம் ஊன்றும்வரை பொறுத்திருக்கிறார்கள், எனக்கு இது ரொம்ப நியாயமாகப் படுகிறது.

அதனால் என் முன்மொழிவு: 4 ÷ 1/3 வகைக்கு 'அளந்து வகுத்தல்', 1/3 ÷ 4 வகைக்கு 'பங்கிட்டு வகுத்தல்'. முதல் வகைக்குப் போன மடலில் வந்த 'அளவை வகுத்தல்' வேண்டாம், 'அளவு' என்பதோடு ஐ உருபு சேர்ந்ததாகப் படித்து, அளவைத்தான் வகுக்கிறோம் என்று எடுத்துக்கொள்வார்கள். வினையெச்சமாக வைத்தால் முதலில் என்ன செய்கிறோம் என்று சொல்லிலேயே தெரிகிறது, அளக்கிறோம் அல்லது பங்கிடுகிறோம்.

ஒருவர் நியாயமான எதிர்க்கேள்வி போட்டிருந்தார்: குடத்தில் மூன்றில் ஒரு பங்கு நிரம்ப 4 லிட்டர் ஆனால் முழுக் குடத்துக்கு எவ்வளவு? அதுவும் 4 ÷ 1/3 தானே, ஆனால் அளக்கவில்லையே என்று. உண்மைதான், அங்கே 'ஒரு முழுமைக்கு எவ்வளவு' என்று கேட்கிறோம், அது பங்கிடுதலின் குடும்பம். பெயர் எண்களுக்கு இல்லை, கேள்விக்குத்தான் என்று ஆசிரியர் கையேட்டில் சொல்லிவிட்டால் போதும். ஐந்தாம் வகுப்பில் இதைத் தொடவேண்டாம்.

அப்புறம், பங்கிட்டு வகுத்தலுக்குத் தமிழின் பழைய பின்னப் பெயர்களில் ஏற்கெனவே ஒரு வாய்ப்பாடே கிடக்கிறது. கால் பங்கை இரண்டாகப் பங்கிட்டால் அரைக்கால், 1/4 ÷ 2 = 1/8. காணி 1/80, அதில் பாதி அரைக்காணி, 1/160, அதிலும் பாதி முந்திரி, 1/320. கணக்கும் விடையும் பெயருக்குள்ளேயே இருக்கின்றன. (மாகாணி இன்னும் அழகு: மா 1/20, காணி 1/80, கூட்டினால் 1/16, மறுபடியும் அலகுப் பின்னம்.) அரைக்காலும் மாகாணியும் மலையாளத்திலும் உண்டு, ஆகவே இரு மொழிப் பிள்ளைகள் படிக்கிற பள்ளிகளில் இதை இரண்டு பிரிவிலும் சேர்த்தே நடத்தலாம்.

ஒரு சிக்கல் மட்டும் மீதி இருக்கிறது. 1/12-ல் 12-ஐப் 'பகுதி' என்கிறோம். மலையாளத்தில் பகுதி என்றால் பாதி. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பிள்ளை காலையில் கடைக்காரரிடம் 'பகுதி' என்று அரைப் பங்கு கேட்டுவிட்டு வந்து, பத்து மணிக்கு வகுப்பில் 'பகுதி 12' என்று படிக்கிறது. மலையாளத்தில் இதற்கு 'சேதம்' என்பார்கள், அதைத் தமிழில் எழுதினால் சேதாரம் ஆகிவிட்ட மாதிரி இருக்கிறது. தெலுங்கின் 'ஹாரம்' நமக்குக் கழுத்தில் போடுவது. 'கீழெண்' என்று வைத்தால் என்ன? இதற்குத் தனி இழை தொடங்குகிறேன், பாலக்காடு, தேவிகுளம், பீர்மேடு பக்கம் தமிழ்வழியில் கணக்கு நடத்துகிறவர்கள் கட்டாயம் எழுதுங்கள்.