அபாட் எலிமென்டரி முதல் எபிசோட்: ஒரு கம்பளத்துக்கா இவ்வளவு கலாட்டா?

ராத்திரிரயில்:
ஃபிலடெல்ஃபியாவுல ஒரு அரசுப் பள்ளிக்கூடத்துல நடக்கற இந்த அமெரிக்க காமெடி சீரியலை இப்பதான் பார்க்க ஆரம்பிச்சேன். முதல் எபிசோட்ல ஒரு பையன் கிளாஸ் கம்பளத்துல ஒண்ணுக்குப் போயிடறான். புதுசு வாங்க ஜனீன் டீச்சர் அலையறாங்க. டிஸ்ட்ரிக்ட்ல (ஊர்ப் பள்ளிகளை நடத்தற நிர்வாகம்) இருந்து 3000 டாலர் வருது; பிரின்சிபல் ஏவா அதை எடுத்து தன் மூஞ்சி போட்ட போர்டு செஞ்சு மாட்டிடறாங்க. சிரிச்சேன், ஆனா நம்ப முடியல. ஃபிலடெல்ஃபியா மாதிரி பெரிய ஊர்ல கம்பளத்துக்குக்கூடவா காசு இருக்காது? அங்க வேலை பார்க்கறவங்க யாராவது சொல்லுங்களேன்.

டீக்கடைபெஞ்ச்:
சிட்காம்ல லாஜிக் தேடாதீங்க ஜி. ஏவா வர்ற சீனுக்காகவே பார்க்கலாம்.

கிரேயான்டப்பா:
பென்சில்வேனியாவுல ஒரு பப்ளிக் ஸ்கூல், கிண்டர்கார்டன்ல டீச்சருக்கு உதவியாளரா இருக்கேன். அந்த எபிசோட்ல எனக்கு நம்பும்படியா இல்லாத ஒரே விஷயம் அந்த போர்டுதான்.

கம்பளம் அலங்காரத்துக்கு இல்லைங்க. கதை சொல்றது, காலண்டர் பார்க்கறது, அழற பிள்ளையை உட்கார வைக்கறது எல்லாம் அதுலதான். அது இல்லாத நாள் பிள்ளைங்க எங்க உட்காரணும்னு தெரியாம கிளாஸ் பூரா சுத்தும். ஜனீன் அவ்வளவு பதறறது எனக்கு நியாயமாதான் பட்டுது.

காசு எங்கன்னு கேட்டா, இங்க பள்ளிக்கூடப் பணத்துல பெரிய பங்கு உள்ளூர் சொத்து வரி. வீடு விலை கூடின ஊருக்குக் கூடுதல், குறைஞ்ச ஊருக்குக் குறைச்சல். இதுல ஃபிலடெல்ஃபியா டிஸ்ட்ரிக்டுக்குத் தானா வரி போடற அதிகாரமே கிடையாது. நகரத்தையும் மாநிலத்தையும் எதிர்பார்த்து நிக்கணும். 2023 பிப்ரவரியில மாநில காமன்வெல்த் கோர்ட்டே இந்த நிதி முறை மாநில அரசியல் சாசனத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

அதனால எனக்கு அந்த எபிசோட் மேல ஒரு மனத்தாங்கல் உண்டு. எல்லாத்தையும் ஏவா தலையில கட்டினதும் நமக்குத் திட்ட ஒரு ஆள் கிடைச்சிடுது. நிஜத்துல அப்படித் திட்ட ஆளே இருக்க மாட்டாங்க. "அந்தத் தலைப்புல பணம் இல்ல"ன்னு ஒரு ஃபாரம் திரும்பி வரும், அவ்வளவுதான். புத்தகத்துக்குன்னு வந்த பணத்துல கம்பளம் வாங்க முடியாது. எங்க பிரின்சிபல் நல்லவங்க, அவங்களும் அதே ஃபாரத்தைத்தான் நிரப்பறாங்க.

இன்னொரு டீச்சர் மெலிசா "எனக்கு ஒரு ஆள் தெரியும்"னு ஈகிள்ஸ் ஃபுட்பால் டீம் ஸ்டேடியத்துல வேலை செய்யறவர் மூலமா கம்பளம் வரவைக்கறாங்க பாருங்க, அது அச்சு அசல். ஒவ்வொரு ஸ்கூல்லயும் ஒரு மெலிசா உண்டு. எங்களோடவங்க பேப்பர் கட்டு கொண்டு வருவாங்க. எங்கேர்ந்துன்னு யாரும் கேக்கறதில்ல.

ராத்திரிரயில்:
அக்கா, அப்ப சொந்தக் காசு போட்டா அரசாங்கம் திருப்பித் தராதா?

கிரேயான்டப்பா:
திருப்பியா! மத்திய வருமான வரி போடும்போது, 2022லேர்ந்து 2025 வரைக்குமான வருஷங்களுக்கு வருமானத்துல 300 டாலர் வரைக்கும் கழிச்சுக் காட்டலாம். 2022க்கு முன்னாடி அது 250. வருஷத்துக்கு 900 மணி நேரம் வேலை பார்த்தா என்னை மாதிரி உதவியாளருக்கும் உண்டு. ஆனா 300 டாலர் கைக்கு வராது, அதுக்கான வரி மட்டும்தான் மிச்சம். முப்பது நாற்பது டாலர்னு வைங்க. பசை, டிஷ்யூ வாங்கினா போச்சு.

மூணாம்பெல்:
ஏவாவை வில்லின்னு முடிவு கட்டறது அவசரம். மூணாவது எபிசோட் பாருங்க, கிளாசுக்கு வேண்டிய சாமான் லிஸ்டை வீடியோவா போடற கதை. அதுல அவங்க பார்பரா டீச்சருக்கு உருப்படியா ஒண்ணு செய்வாங்க. இன்னொண்ணு, இதை எழுதின குயின்டா பிரன்சனோட அம்மாவே ஃபிலடெல்ஃபியாவுல கிண்டர்கார்டன் டீச்சரா இருந்தவங்க. சீரியல் விளம்பரப் பணத்துல ஒரு பகுதியை டீச்சர்களுக்குச் சாமான் வாங்கவும் கொடுத்தாங்க.

கிரேயான்டப்பா:
பார்பராவைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலையே! அவங்க கிளாஸ் மாதிரி எங்க கிளாஸ் ஒரு நாளாவது அமைதியா இருந்தா சந்தோஷம். மூணாவதுக்கு முன்னாடி ரெண்டாவதை விட்டுடாதீங்க தம்பி, வராண்டா லைட்டை ஜனீன் தானே சரி பண்ணப் போவாங்க. எங்க பராமரிப்புக்காரர் அதைப் பார்த்துட்டு, ஏணி இருக்கற ரூமைப் பூட்டிட்டார்.