டிக்கியில் வைத்த கைட், வால்வு கழன்றுவிட்டது

ராமேஸ்வரத்தில் காலையில் கைட் (கடலில் பலகையில் நிற்பவரை இழுத்துச் செல்லும், காற்றடித்த பெரிய பட்டம்) ஓட்டிவிட்டு, அப்படியே டிக்கியில் போட்டு மத்தியானம் முழுக்க காரை வெயிலில் நிறுத்தியிருந்தேன், இன்று அதற்குப் பம்பில் காற்றடித்தால் வால்வு ஓரத்தில் பசை பிசுபிசுவென்று கழன்று வருகிறது. என்ன செய்யலாம்?

பதில்: வெயிலில் மூடிய காருக்குள் சூடு 60 டிகிரி வரைகூடப் போகலாம் தம்பி. கைட்டின் உள்ளே இருக்கும் பிளாடர் (காற்றுப் பை) மெல்லிய பாலியூரித்தேன் பிளாஸ்டிக், வால்வைப் பிடித்திருக்கும் பசை சூட்டில் இளகிவிடும். பழைய பசையைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புது வால்வு ஒட்டுங்கள்.

பதில்: அப்புறம், வால்வைத் திறந்து காற்றை முழுக்க வெளியேற்றாமல் சுருட்டாதீர்கள், மிச்சக் காற்று சூட்டில் விரியும். காரில் வைப்பதைத் தவிர வேறு வழியே இல்லையென்றால் நான் சீட்டுக்குக் கீழே வைத்து, வெள்ளை வேட்டியால் போர்த்தி, ஜன்னலை விரலளவு இறக்கிவிடுவேன்.

கேட்டவர்: சரி அண்ணா, இனி அறைக்கே தூக்கிப் போய்விடுகிறேன்.