அப்பத்தா பார்த்த அலை: நாம் நேசித்த கதைகள் திரைக்கு வந்தபோது உங்களுக்கு நேர்ந்தது என்ன?

தங்கச்சிமடம்

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2022 செப்டம்பர். டோல்கீனின் கதையுலகை வைத்து எடுத்த ரிங்ஸ் ஆஃப் பவர் தொடரின் நான்காம் பகுதி, அந்த அலைக் காட்சி. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். அரசி மிரியேல் கைக்குழந்தைகளை வாழ்த்திக்கொண்டிருப்பாள், வெள்ளை மரத்தின் இதழ்கள் உதிரும், வெளியே கடல் மலைபோல எழுந்து நிற்கும். அவளுடைய தீவான நூமெனோர் மூழ்கும். கனவுதான், ஆனால் நடக்கப்போவது.

அதற்கு முந்தைய இரண்டு வாரமும் நான் நண்பர்களோடு சண்டையில்தான் இருந்தேன். எல்ராண்டுக்கு ஏன் குட்டை முடி, குள்ளர் குலத்துப் பெண்ணுக்குத் தாடி எங்கே, மூலக்கதையில் மாய மோதிரங்கள் வார்க்கப்பட்டதற்கும் நூமெனோர் அழிந்ததற்கும் இடையில் ஏறக்குறைய 1,700 ஆண்டுகள் இருக்கும்போது இரண்டையும் ஒரே தலைமுறைக்குள் எப்படி அடக்கலாம் என்று தொண்டை வற்றப் பேசியிருக்கிறேன். ஆனால் அந்த அலையை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பசும் நிலத்தின் மேல் பேரலை எழுந்து வரும் கனவு டோல்கீனுக்கே திரும்பத் திரும்ப வந்தது. அதைத் தன் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் பாத்திரமான ஃபாராமிருக்கும் கொடுத்தார். அதைத் தமிழ்க் குரலில், எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்க்கிறேன். சத்தத்தைக் கூட்டி வைத்தேன். பக்கத்தில் அப்பத்தா நெத்திலிக் கருவாட்டைச் சுளகில் போட்டு மண் போகப் புடைத்துக்கொண்டிருந்தார்.

அப்பத்தா தனுஷ்கோடிக்காரர். 1964 டிசம்பர் 22 இரவு அவருக்குப் பதினோரு வயது. இந்தக் கரையில் இருப்பவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

சுளகுச் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தேன்.

"அலை அப்படி வராது" என்றார். "நின்று முகத்தைக் காட்டிவிட்டா வரும்? இருட்டு. சத்தம்தான் முதலில் வந்தது. பிறகு காலுக்கு அடியில் தண்ணீர். எந்தப் பக்கத்துக் கடல் என்றுகூடத் தெரியவில்லை."

நான் சத்தத்தைக் குறைத்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ஊர் மக்களுக்கு யாரும் சொல்லவில்லையா?"

"அரசிக்குத் தெரியும் அப்பத்தா."

"தெரிந்துமா?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் மறுபடியும் புடைக்கத் தொடங்கினார். சுளகில் கருவாடு இல்லை. எல்லாவற்றையும் முன்பே பானையில் போட்டுவிட்டிருந்தார். வெறும் சுளகைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சத்தத்தைக் கூட்டி வைத்தது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் எழுதுங்கள். படம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதைக் கேட்கவில்லை.


கீழக்கரை

என்னுடையது உங்களுடையதைப்போலப் பெரியது இல்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

ஹாரி பாட்டரை எனக்குக் கொண்டுவந்து கொடுத்தது துபாயிலிருந்த காக்கா, என் அண்ணன். ஒவ்வொரு விடுமுறைக்கும் பெட்டியில் ஒரு புத்தகம் இருக்கும். நான் படித்து முடித்ததும் தொலைபேசியில் தேர்வு வைப்பார். யார் எந்த வகுப்பு, எந்த ஆண்டு, எந்தப் பக்கம். ஐந்தாவது புத்தகத்தில், எத்தனை ஆண்டாகப் பாடம் நடத்துகிறீர்கள் என்று அம்ப்ரிட்ஜ் கேட்கும்போது, வருகிற டிசம்பரோடு முப்பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன என்று மெக்கோனகல் சொல்வாரே, அதைக் காக்கா மூன்று முறை கேட்டிருக்கிறார். அந்தப் புத்தகத்தின் கதை நடப்பது 1995. அப்படியானால் மெக்கோனகல் ஆசிரியராகச் சேர்ந்தது 1956.

2018இல் ஹாரி பாட்டரின் முன்கதையான ஃபென்டாஸ்டிக் பீஸ்ட்ஸ் இரண்டாம் படத்துக்காக மதுரைக்குப் போனோம். காக்காவும் ஊரில் இருந்தார். கதை நடப்பது 1927. பள்ளிக்கூடக் காட்சி. டம்பிள்டோர் மாணவர்களிடம் ஒரு பேராசிரியரோடு போகச் சொல்கிறார். மெக்கோனகல் என்ற பெயர் காதில் விழுந்தது. இருட்டில் விரல் விட்டு எண்ணினேன். இரண்டாவது முறையும் எண்ணினேன். காக்காவின் கையைப் பிடித்து "முப்பத்தொன்பது" என்றேன்.

அவர் கையை விடுவித்துக்கொண்டு, "படத்தைப் பார்" என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. கணக்கு வைக்கக் கற்றுக்கொடுத்தவரே அப்படிச் சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பரமக்குடி வந்தபோது அவரே தேநீர் வாங்கி வந்து நீட்டினார். அதையும் வேண்டாம் என்றுவிட்டேன். மறுவாரம் அவர் துபாய்க்குப் போய்விட்டார். அதன்பின் தொலைபேசியில் தேர்வு வைப்பதே இல்லை.


பாம்பன்

பொன்னியின் செல்வன் வரலாற்றுப் புதினம், அதை இங்கே ஏன் இழுக்கிறாய் என்று யாராவது கேட்பார்கள். எங்கள் வீட்டில் அதுதான் மாய உலகம். கீழக்கரைச் சகோதரி மன்னிக்க வேண்டும், ஓர் ஆண்டுக் கணக்குக்காக அண்ணன் தந்த தேநீரைத் தள்ளியது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது. அந்தப் பிழையைச் செய்தது அவர் இல்லையே.

என் அத்தை பாசிக்குப் போகிறவர். விரல்களில் துணி சுற்றி, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டி, மூச்சை அடக்கிக்கொண்டு கடலடிப் பாறைத் திட்டான பாரிலிருந்து பாசியைப் பிய்த்து எடுக்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. 2022 செப்டம்பர் 30இல் முதல் பாகம் வந்தது. அந்த வாரமே அழைத்துப் போனேன். படகோட்டும் பெண்ணான பூங்குழலி படகில் வந்ததும் அத்தை நிமிர்ந்து உட்கார்ந்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. வெளியே வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை: "அந்தப் பெண் ஒரு தடவைகூடக் கண்ணைச் சுருக்கவில்லை."

நான் அதுவரை அதைக் கவனிக்கவே இல்லை. அத்தையின் கண்ணோரத்தைப் பார்த்தேன். முப்பது வருடக் கடல் வெயில் அங்கே கோடு கோடாக இருந்தது.

ஆனால் பூங்குழலியை அவர் விடவில்லை. புத்தகத்தில் அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். அன்றிரவு படிக்க ஆரம்பித்து, புது வெள்ளத்திலிருந்து தியாகச் சிகரம் வரை ஐந்து பாகத்தையும் அக்டோபரிலிருந்து ஏப்ரலுக்குள் வாசித்துக் காட்டினேன். கல்கி 1950இலிருந்து வாரம் வாரம் எழுதியதை எங்கள் வீட்டில் தினம் தினம் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கடைசியில் சேந்தன் அமுதன்தான் உண்மையான இளவரசன் மதுராந்தகன் என்று தெரிந்து, அவனை மணந்த படகுக்காரி பூங்குழலி சோழ நாட்டுக்கே அரசியாகிறாள் என்று வாசித்தபோது அத்தை கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

2023 ஏப்ரல் 28, இரண்டாம் பாகம். மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகுகள் எல்லாம் கரையில். அத்தை நல்ல புடவை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்கள் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். படத்தில் அந்த முடிவு கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். மதுராந்தகனாக ஆரம்பம் முதல் வருகிறவருக்கே முடி சூட்டுகிறார்கள். எழுத்துகள் ஓடத் தொடங்கின. விளக்குகள் எரிந்தன. கூட்டம் எழுந்து போய்விட்டது. அத்தை மட்டும் எழுந்திருக்கவில்லை. இன்னும் வரும் என்று நினைத்து உட்கார்ந்திருந்தார். பெருக்க வந்த பெண் பக்கத்தில் வந்து நின்றபோதுதான் என் பக்கம் திரும்பினார்.

"அவள் பிறகு எங்கே போனாள்?"


ராமநாதபுரம்

2019இல் கேம் ஆஃப் த்ரோன்ஸ் கடைசிப் பகுதியை விடுதியில் ஆறு பேர் சேர்ந்து பார்த்தோம். முடிந்ததும் ஒருவன் ரிமோட்டைச் சுவரில் எறிந்தான். அதிலிருந்து வந்த வாக்குவாதத்தில் அவனுக்கும் எனக்கும் பேச்சு நின்றது. இன்னும் பேசவில்லை. என் அனுபவம் இவ்வளவுதான்.

ஆனால் மேலே எழுதிய மூவருக்கும் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். முதலில் பாம்பன் நண்பருக்கு. ஐந்து பாகப் புதினத்தை ஐந்தரை மணி நேரத்தில் சொல்ல வேண்டுமானால் கிளைகளை வெட்டித்தான் ஆக வேண்டும். மணிமேகலை என்ற பாத்திரமே படத்தில் இல்லை. ஆள்மாறாட்ட முடிச்சை வைத்திருந்தால் அதை அவிழ்க்க இன்னும் ஒரு மணி நேரம் வேண்டும். புத்தகத்தை முழுவதும் வாசித்துக் காட்டியபின் படத்துக்கு அழைத்துப் போகாதீர்கள். படம் முதலில், புத்தகம் பிறகு. அப்போது புத்தகத்தில் வருவதெல்லாம் கூடுதலாகக் கிடைத்ததாகத் தோன்றும். இந்த வரிசையை மாற்றினால் இழப்புதான் கண்ணில் படும்.

அடுத்து கீழக்கரைக்கு. அந்தப் படத்தின் திரைக்கதையை எழுதியவர் ரௌலிங்தான். தன் உலகத்தின் கணக்கைப் படைத்தவரே தவறவிட்டால் அதற்கு இயக்குநர் என்ன செய்வார்? இதற்கு நேர் எதிரானதும் நடந்திருக்கிறது. ஹவுஸ் ஆஃப் தி டிராகன் இரண்டாம் பருவத்தில் மேலர் என்ற சின்ன இளவரசனை நீக்கிவிட்டார்கள். மூலக்கதையை எழுதிய மார்ட்டின் 2024 செப்டம்பரில் தன் வலைப்பதிவில் அதைக் குறித்து வருந்தி எழுதினார். சின்னப் பையன்தானே என்று எடுத்தால் பின்னால் வரும் எத்தனையோ சம்பவங்கள் அறுந்து விழும் என்பது அவர் வாதம். சில மணி நேரத்தில் அந்தப் பதிவும் நீக்கப்பட்டது. எனவே முன்கதை பார்க்கும்போது ஆண்டைக் கணக்கிடாதீர்கள், காரணத்தைக் கணக்கிடுங்கள். யார் இல்லாவிட்டால் எது நடக்காது என்று பாருங்கள். அந்தத் தொடருக்கு மூலமான ஃபயர் அண்ட் பிளட் புத்தகமே ஒரு வரலாற்றாசிரியர் எழுதியதாக வருகிறது. மதகுரு ஒன்று சொல்வார், அரண்மனைக் கோமாளி வேறொன்று சொல்வான். எது உண்மை என்று புத்தகமே அறுதியிட்டுச் சொல்லாது. அதைப் படமாக்குகிறவர் ஒன்றைத் தேர்ந்தெடுத்துத்தான் ஆக வேண்டும்.

தங்கச்சிமடம் நண்பருக்கு: ரிங்ஸ் ஆஃப் பவர் தொடர்க்காரர்கள், அந்தப் பழங்கதைகளைச் சொல்லும் டோல்கீனின் சில்மரில்லியன் நூலின் உரிமையைப் பெறவில்லை. லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நூலின் பின்னிணைப்புகளை வைத்தே பெரும்பாலும் கட்டினார்கள். ஆண்டுகளைச் சுருக்கியதைப் பற்றிப் பேசும்போது இதையும் நினைவில் வையுங்கள். வயதானவர்களோடு பார்ப்பதானால் முந்தைய நாளே தனியாக ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. வெள்ளம், தீ, குழந்தைச் சாவு வரும் இடங்களைக் குறித்து வைத்துக்கொண்டு அங்கே மட்டும் ஓட்டிவிடலாம்.


பாம்பன்

அத்தை கேட்டது படத்தின் நீளத்தைப் பற்றி இல்லை. ஐந்தரை மணி நேரக் கணக்கை நான் அவரிடம் போய்ச் சொல்ல முடியாது. சொன்னாலும், அத்தனை போருக்கும் இடம் இருந்ததே என்பார்.


கீழக்கரை

எனக்கும் ஆலோசனை வேண்டாம். ரௌலிங் எழுதினார் என்பது தெரியும். அதனால்தான் வலித்தது. பாம்பன் அண்ணன் சொன்னது மட்டும் மனத்தில் நின்றுவிட்டது. தேநீரை வாங்கியிருக்கலாம்.


தேவிபட்டினம்

பள்ளி ஆசிரியர். மழைக்கால மதிய வேளைகளில் ஆறாம் வகுப்புக்கு டோல்கீனின் ஹாபிட் கதையை என் வார்த்தையில் தமிழில் சொல்லி வந்தேன். யாரும் படம் பார்த்திருக்கவில்லை. ஸ்மாக் என்ற டிராகனை வரைந்து வரச் சொன்னேன். ஒரு பையன், அப்பா நாட்டுப்படகில் போகிறவர், கொண்டுவந்த ஸ்மாக்குக்குச் சுறாவின் வாய், திருக்கையின் வால், நான்கு கால்கள். வயிற்றில் ஒட்டியிருந்த பொற்காசுகளுக்கு மீன் செதிலையே காயவைத்து ஒட்டியிருந்தான். மஞ்சள் தடவியிருந்தான். அதை வகுப்புச் சுவரில் மாட்டினேன்.

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் 2013இல் வந்த இரண்டாம் ஹாபிட் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினேன். பிள்ளைகள் மகிழ்வார்கள் என்றுதான் செய்தேன். தங்கக் குவியலுக்குள்ளிருந்து அந்தக் கண் திறந்தபோது வகுப்பே மூச்சுவிடவில்லை. பிறகு ஸ்மாக் முழு உடம்போடு வெளியே வந்தது. பின்னங்கால் இரண்டுதான், முன்னால் இருப்பது சிறகு. மணி அடித்ததும் அந்தப் பையன் சுவரருகே போய்ப் படத்தைக் கழற்றினான்.

"ஏன்டா?"

"தப்பாக வரைந்துவிட்டேன் சார்."

நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மடிக்கும்போது செதில்கள் உதிர்ந்தன. நானும், பரவாயில்லை, நன்றாகத்தான் இருந்தது என்று எல்லோரும் சொல்வதையே சொல்லி அனுப்பிவிட்டேன்.

இரண்டு ஆண்டு கழித்துத்தான் டோல்கீன் தன் கையால் வரைந்த ஸ்மாக்கைப் பார்த்தேன். தங்கத்தின் மேல் சுருண்டு கிடக்கிறது. நான்கு கால்கள். அதற்குள் அந்தக் குடும்பம் ஊர் மாறிவிட்டது. ராமநாதபுரத்தில் எட்டாம் வகுப்பு என்று கேள்விப்பட்டேன், எந்தப் பள்ளி என்று தெரியவில்லை. அந்தப் படத்தை ஒரு தாளில் அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.


தங்கச்சிமடம்

எல்லோருக்கும் நன்றி. ராமநாதபுரம் நண்பரே, அந்த இடத்தை மட்டும் ஓட்டிவிடச் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2024இல் இரண்டாம் பருவம் வந்தபோது அப்பத்தா இல்லாத நேரம் பார்த்துக் கைப்பேசியில், காதில் ஒலிப்பானை மாட்டிக்கொண்டு பார்த்தேன். மூன்றாவது நாள் கண்டுபிடித்துவிட்டார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்தத் தீவு போய்விட்டதா?"

"இன்னும் இல்லை அப்பத்தா."

புத்தகத்தில் முடிவு இருக்கிறது, அது மாறாது, எல்லோருக்கும் தெரியும் என்று விளக்க ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவில்லை. என் காதிலிருந்த ஒலிப்பானில் ஒன்றைக் கழற்றித் தன் காதில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் போகவில்லை என்றால் சொல்லலாம் அல்லவா? யாராவது ஓடிப்போய்ச் சொல்கிறார்களா பார்."